கதவு திறந்ததென்று நான் சொன்னேன்

அமீரகத்தில், புஜைராவின் திரையரங்கில் ஆங்கிலப் படம் பார்க்கும்போது, சிரிப்பு வசனத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது. திரையின் அடியில் அரபு எழுத்துகள் ஓடுகின்றன. நடிகர் வாக்கியத்தின் பாதியில் இருக்கும்போதே முழு வாக்கியமும் கீழே வந்து நின்றுவிடுகிறது. அரபு படிக்கத் தெரிந்தவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். ஆங்கிலத்தைக் காதால் கேட்டுக்கொண்டிருக்கும் நாங்கள் இரண்டு விநாடி கழித்துச் சிரிக்கிறோம். பதினொரு வயதில் தஞ்சாவூரிலிருந்து வந்த புதிதில், அந்த இரண்டு விநாடிகள் எனக்குக் கூச்சமாக இருந்தன. என்னைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்வேன். பத்தாண்டுகள் கழிந்துவிட்டன. இப்போது ஷார்ஜாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ஆனாலும் அந்தச் சிரிப்பு என்னைவிட முன்னால்தான் போய்க்கொண்டிருக்கிறது.

சென்ற ஆண்டு அதே அரங்கில் ஒரு பிரிட்டிஷ் படம் பார்த்தேன். அருகில் அபாயா என்னும் கறுப்பு அங்கி அணிந்த நடுத்தர வயதுப் பெண் ஒருவர் அமர்ந்திருந்தார். ஒரு முதியவர் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்க, பேருந்து வந்து நின்று, அவர் ஏறினாரா இல்லையா என்று தெரிவதற்குள் திரை கறுத்துவிட்டது. அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "கலாஸ்?" என்றார். முடிந்துவிட்டதா என்று பொருள். என் மடியிலிருந்த பாப்கார்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து டப்பாவை நீட்டினேன். அவர் மரியாதைக்காக இரண்டு மணிகளை எடுத்துக்கொண்டார். பிறகு திரையைக் கையால் காட்டி, "கலாஸ்? ஃபினிஷ்?" என்று மறுபடி கேட்டார். "யெஸ், ஃபினிஷ்" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. பெயர்கள் ஓடி முடிந்து விளக்குகள் எரிந்த பிறகும், பேருந்து திரும்பி வரும் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

தஞ்சாவூரில் படத்தின் முடிவு யாரையும் ஏமாற்றியதில்லை. கடைசிச் சண்டை ஓய்ந்து போலீஸ் ஜீப் வந்ததுமே பாதி அரங்கு எழுந்துவிடும். ஸ்டாண்டிலிருந்து வண்டியைக் கூட்டத்துக்கு முன்னால் எடுத்தாக வேண்டும். நானும் அப்பாவின் கையைப் பிடித்தபடி, நடந்துகொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்துத்தான் எத்தனையோ படங்களின் கடைசிக் காட்சியை அறிந்திருக்கிறேன். அதில் நமக்கு நஷ்டம் ஏதுமில்லை. குடும்பம் சேர்ந்துவிட்டது, இனிச் சிரித்தபடி ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்கப் படத்துக்குப் போகிறவனுக்கும் ஏறக்குறைய இதே நிச்சயம் இருக்கிறது. முதல் பத்து நிமிடங்களுக்குள் நாயகனுக்கு என்ன குறை, என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறார்கள். அதற்குக் குறுக்கே ஒரு மலையோ வில்லனோ பனிப்புயலோ நிற்கிறது. அவன் ஓடுகிறான், விழுகிறான், எழுகிறான். கடைசியில் யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம், கேட்பதற்குப் பத்துப்பேர் கூடியிருக்கும் இடத்தில், மனத்திலுள்ள எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். பிரிட்டிஷ் படத்தின் ஆளுக்கும் குறை உண்டு. அதைக் கேட்டுப் பெறுவதில்தான் அவனுக்கு வெட்கம். மலை வெளியில் இல்லை, தொண்டைக்குள் இருக்கிறது. மகன் செத்ததைப் பற்றிப் பேச வந்தவர்கள் பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார்கள். ஒருவன் கோப்பையைப் பிடிக்கும் விதத்திலிருந்து அவனுடைய அப்பா என்ன வேலை பார்த்தார் என்பதை அங்குள்ள பார்வையாளர் தாமே அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கப் படத்தில் காதலர்கள் சேரும்போது மழை பெய்கிறது. பிரிட்டிஷ் படத்தில் மழை சும்மாவே பெய்துகொண்டிருக்கிறது. எல்லாப் படங்களுக்கும் இது பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் டிக்கெட் வாங்கும்போது மக்கள் மனத்தில் இருக்கும் ஒப்பந்தம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

இவ்வளவையும் வகுப்பறையில் கற்றிருந்தால் ஒரு தேர்வுத்தாளோடு முடிந்திருக்கும். எனக்கு அது என் அப்பாவின் நிறுவனத்துத் தொழிலாளர் முகாமில் நடந்தது. அப்பா இங்கே எண்ணெய்க் கிடங்கு ஒன்றில் ஆய்வுப் பொறியாளர். அந்த முகாமின் உணவுக்கூடத்தில், மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் படம் போடுவார்கள். தொழிலாளர்களின் காதில் ஆங்கிலம் விழட்டும் என்று முகாம் பொறுப்பாளருக்கு ஓர் எண்ணம் தோன்ற, தமிழ்ப் படமும் இந்திப் படமும் போய் ஆங்கிலப் படம் வந்தது. இரண்டாம் மாதமே கூடம் காலியானது. "நம்ம பொண்ணு இலக்கியம் படிக்குது, பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்லட்டும்" என்று அப்பா ஒப்புக்கொண்டுவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் தகவல் சொன்னார். நான் வகுப்பில் கை தூக்கிப் பதில் சொன்னதே இல்லை. ஆனால் இருட்டில், திரைக்குப் பக்கவாட்டில், மைக்கோடு நிற்கும்போது யாரும் என்னைப் பார்ப்பதில்லை. எல்லோரும் திரையைத்தான் பார்க்கிறார்கள். பேசுவதற்கு எனக்கு அதைவிட நல்ல இடம் வாய்த்ததில்லை.

அரியலூர், பெரம்பலூர், புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் நாற்பது பேர் வருவார்கள். முதலில் "மேடம்" என்றார்கள். பிறகு அது "தங்கச்சி" ஆனது. வெல்டர் பழனி மட்டும் கேலியாக "டீச்சரம்மா" என்பார். அமெரிக்கப் படங்களுக்கு என் குரல் பெரிதாகத் தேவைப்படவில்லை. பிரிந்துபோன மகனைப் பார்க்க ஒரு லாரி ஓட்டுநர் பனியில் நாடு முழுக்க வண்டி ஓட்டிவரும் படத்தில், அவர் மருத்துவமனை வாசலில் குதித்து ஓடத் தொடங்கியதும் நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். விசில் பறந்தது. தேநீருக்கு எங்கே நிறுத்துவது என்பதிலும் சிக்கல் இல்லை. நாயகன் எல்லாவற்றையும் இழந்து சாலையோரத்தில் உட்காரும் இடம் எப்படியும் நடுவில் வந்துவிடும். அங்கே நிறுத்தினால் நம் படங்களின் இடைவேளைபோலவே கச்சிதமாக இருக்கும்.

பிரிட்டிஷ் படம் ஒன்றைக் கொண்டுபோனது என் தேர்வு. வடக்கே ஒரு மீன்பிடித் துறைமுகம். கப்பலில் வேலை பார்க்கும் ஒருவன், இந்தப் பயணம்தான் கடைசி என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, அவளைக் கேட்காமல் இன்னொரு பயணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். ஆண்டுகள் கழித்துத் திரும்பியவன், வீட்டுக்குப் போகத் துணிவில்லாமல் விடுதியில் தங்குகிறான். தெருவில் மூன்று முறை அவளைச் சந்திக்கிறான். மூன்று முறையும் வானிலை, பேருந்து நேரம், தெருவிளக்கு இவற்றைப் பற்றியே பேசுகிறார்கள். அந்தப் படத்தில் தேநீருக்கு நிறுத்த எனக்கு இடமே கிடைக்கவில்லை. ஓரிடத்தில் நிறுத்தினேன், அங்கே அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் ஒருவரும் எழுந்துபோகவில்லை. அவர்களுடைய மேற்பார்வையாளர்களில் ஓர் அமெரிக்கரும் ஓர் ஆங்கிலேயரும் இருந்தார்கள். "அமெரிக்காக்காரன் சூப்பர்னு சொன்னா சுமார்னு அர்த்தம். இங்கிலாந்துக்காரன் நாட் பேடுன்னு சொன்னாத்தான் வெல்டிங் நல்லா வந்துருக்குன்னு அர்த்தம்" என்று பழனி தேநீர் நேரத்தில் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கினார். "அப்ப அந்தம்மா தெருவிளக்கப் பத்தி ஏன் பேசுது?" என்றார் அவர். "அதுவும் நாட் பேடு மாதிரித்தான்டா."

கடைசிக் காட்சியில் அவன் வீட்டு வாசலுக்கு வருகிறான். கையில் பழைய சாவி. அதைப் போடலாமா, தட்டலாமா என்று நிற்கிறான். உள்ளே யாரோ நடக்கும் சத்தம். திரை கறுத்துவிட்டது.

"டீச்சரம்மா, கரண்டு போச்சா?" என்றார் பழனி.

"இல்லண்ணே. படம் முடிஞ்சிருச்சு."

"எங்க முடிஞ்சுச்சு? அந்தாளு இன்னும் வாசல்லதான நிக்கிறான்?"

"டைரக்டர் டூட்டி முடிஞ்சுச்சுன்னு ரூமுக்குப் போயிட்டான் போல" என்றது இருட்டிலிருந்து ஒரு குரல். கூடம் சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கி, நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். முதல்முறையாகத் திரையில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. பெயர்கள் மேலே நகர்ந்துகொண்டிருந்தன. நான் மைக்கை எடுத்து, "கதவு திறந்தது" என்றேன். "அவள் அவனைப் பார்த்தாள். வந்துட்டியா என்று கேட்டாள். அவன் அழுதான். அவள் அவனை மன்னித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்."

கைதட்டினார்கள். இதை எழுதும்போதும் மறைக்க முடியாதது என்னவென்றால், அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. முடிவு தெரியாத படத்தோடு இவர்களை அறைக்கு அனுப்புவது அநியாயம், மொழிபெயர்ப்பவள் கேட்பவர்களின் வழக்கத்தையும் சேர்த்தே மொழிபெயர்க்க வேண்டும் என்றெல்லாம் காரிலேயே எனக்குக் காரணங்கள் கிடைத்துவிட்டன.

அடுத்த மாதப் படத்தின் இடைவேளையில் செல்வராசு அண்ணன் இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். அரியலூர்ப் பக்கத்துக்காரர், சாரம் கட்டும் வேலை. அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"தங்கச்சி, அடுத்த புதங்கெழம ஊருக்குப் போறேன். நீங்க சொன்ன படந்தான் காரணம்."

"எந்தப் படம்ணே?"

"அந்தக் கப்பக்காரன் படம். எங்கதையும் அதாம்மா. ரெண்டு வருசத்துக்கு முன்ன முடிச்சுட்டு வந்துர்றேன்னு வூட்டுல சொன்னேன். அப்பறம் அதுங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம காண்ட்ராக்ட்ட நீட்டிட்டேன். அதுலேருந்து போன்ல பேசறதில்ல. நான் அடிச்சா போன பொண்ணுகிட்ட குடுத்துரும்." அவர் தேநீரைக் குடிக்காமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "லீவுல வர்றேன்னு சொன்னா வராதன்னுடும். அதான் சொல்லல. நேரா போயி வாசல்ல நின்னுட வேண்டியதுதான். அந்தம்மா அந்தாள உள்ள கூட்டிக்கிச்சில்ல? எல்லாப் பொம்பளைக்கும் மனசு ஒண்ணுதான?"

நான் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் திரைப்பக்கம் போய்விட்டேன். இடைவேளைக்குப் பிறகு அன்றைய நாயகன் என்ன பேசினான் என்பது எனக்கு நினைவில்லை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். "நல்ல மனசோட கெளம்புறான். அதப் போயி ஏன் கலைக்கிற? பொண்டாட்டி புருசனத் தொரத்தவா போறா?" என்றார். அவர் சொன்னதும் ஒரு முடிவுதான்; என்னுடையதைப்போல அவரே போட்டுக்கொண்டது. தொரத்துவாளா மாட்டாளா என்பது எனக்குத் தெரியாது. எனக்கு உறுத்தியது அதுவும் அல்ல. செல்வராசு அண்ணன் செய்த தவறு மனைவியைக் கேட்காமல் முடிவெடுத்தது. இப்போது அவளைக் கேட்காமல் வாசலில் போய் நிற்கப் போகிறார்; தெருவே பார்த்துக்கொண்டிருக்க, கதவைத் திறப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்காது. இதற்கான துணிவை அவருக்குக் கொடுத்தது நான். அந்தப் படத்தை எடுத்தவர்கள் கதவை மூடிவைத்தது சிக்கனத்தாலோ சோம்பலாலோ அல்ல. உள்ளே நடந்துகொண்டிருந்தவள் என்ன நினைக்கிறாள் என்பதை அவளிடமே விட்டிருந்தார்கள். அமெரிக்கப் படமாக இருந்திருந்தால் அவளே வெளியில் வந்து தன் வாயால் சொல்லியிருப்பாள். அதுவும் அவளுடைய சொல்லாக இருந்திருக்கும். நான் இரண்டு வழியும் இல்லாமல், அவள் சொல்ல வேண்டியதை நாற்பது ஆண்களின் கைதட்டலுக்காக நானே சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மாலை, மடிக்கணினியோடு அப்பாவை அழைத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். உணவுக்கூடத்தில் செல்வராசு அண்ணனும் பழனியும் மட்டும் இருந்தார்கள். ஊருக்குக் கட்டிய அட்டைப்பெட்டியின் மேல் பழனி மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். மேசையில் பயணச்சீட்டின் அச்சுத்தாள் கிடந்தது.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அந்தப் படத்துல கதவு தொறக்காது."

"தொறக்காதுன்னா?"

"அவர் வாசல்ல நிக்கிறதோட முடிஞ்சிருது. மிச்சம் நானா சொன்னது."

பழனி எழுதுவதை நிறுத்தினார். செல்வராசு அண்ணன் பெட்டியைப் பார்த்தபடியே கேட்டார்: "ஏம்மா அப்படிச் சொன்னீங்க?"

"எல்லாரும் கேட்டீங்க."

"நாங்க ஆயிரங் கேப்போம். படிச்ச புள்ள நீங்க."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டு, "போடுங்க, பாப்பம்" என்றார். கடைசி நான்கு நிமிடங்களை என் குரல் இல்லாமல் ஓடவிட்டேன். சாவி. காலடிச் சத்தம். கறுப்பு. அவர் மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறை, திரைக்கு மிக அருகில் குனிந்து, கதவையே பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே தெரியலயேம்மா. உள்ளாற அந்தம்மா கோவமா இருக்கா, என்னான்னு."

"தெரியாதுண்ணே. எனக்கும் தெரியாது."

"யோவ், இதுக்குத்தான் சொன்னேன், விஜய் படம் ரஜினி படம்னு போடச் சொல்லுங்கன்னு" என்றார் பழனி. யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் கைபேசியை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். மகள் எடுத்தாள், பதினைந்து வயதுக் குரல். "அப்பா, சாப்ட்டியா?"

"ம். அம்மா இருக்கா?"

"இங்கதான் இருக்கு."

"நான் புதங்கெழம லீவுல வரலாம்னு இருக்கேன். வரட்டுமான்னு கேளு."

தம்பதிகள் பேச்சை நிறுத்திக்கொண்டால் பிள்ளைகள் நடுவில் நின்று இருபக்கமும் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் புதிதில்லை. ஆனால் அதை இவ்வளவு கவனமாக நான் முன்பு கேட்டதில்லை. "அப்பா புதங்கெழம வரட்டுமான்னு கேக்குது" என்று அந்தப் பெண் சொன்னாள். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ பேச்சு, எங்களுக்குப் புரியாத அளவில். பிறகு அவள் திரும்பி வந்தாள்.

"அப்பா, அம்மா கேக்குது, திரும்பிப் போறதுக்கும் சேத்துத்தான் டிக்கெட்டு போட்டிருக்கான்னு."

அமெரிக்கக் கதையில் அவர் அந்தத் தாளைக் கிழித்திருப்பார். பிரிட்டிஷ் கதை இந்தக் கேள்வியோடு கறுத்திருக்கும். நிறுவனம் தரும் விடுப்புச் சீட்டு போக்கும் வரத்தும் சேர்ந்தே வரும். பிரித்துக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. செல்வராசு அண்ணன் அச்சுத்தாளைத் தன் பக்கம் இழுத்தார். அதில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியின் மேல் கையை வைத்துக்கொண்டு இரண்டாவதைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். படம் கறுத்தபோது நாற்பது பேர் பார்த்த அதே பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமான்னு சொல்லு" என்றார்.

"ஆமாங்குதும்மா."

ஒரு பாத்திரம் தரையில் வைக்கப்படும் ஓசை கேட்டது.

"அப்பா, அம்மா எந்திரிச்சுப் போயிருச்சு."

"எங்க?"

"அடுப்படிக்கு."

"கோவமா?"

"தெரியலப்பா."

நான் எட்டு மாதங்களாக மைக்கில் சொல்லத் தெரியாமல் இருந்த சொல் அது.

"வச்சிரட்டுமா?" என்று மகள் கேட்டாள்.

"வேணாம். அது வர்ற வரைக்கும் அப்படியே கெடக்கட்டும்."

அவள் கைபேசியை எங்கோ கீழே வைத்துவிட்டாள். அதிலிருந்து அந்த வீடு கேட்டது: குழாயில் தண்ணீர் விழும் சத்தம், தெருவில் போகும் ஒரு டிராக்டர், யாரோ யாரையோ கூப்பிடும் குரல். இந்தப் பக்கம் ஏசியின் இரைச்சலும், வெளியே அடுத்த ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றும் பேருந்தின் ஹாரனும். எல்லாம் ஒரே மேசையின் மேல் கலந்து ஒலித்தன. தண்ணீர் நின்றபோது செல்வராசு அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடியும் தண்ணீர் விழத் தொடங்கியது. அங்கும் இங்கும் ஒருவரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை.